தொண்ணூற்றேழு வயது ரத்தம்

அந்த டாக்டரம்மாவை எங்கள் தேயிலைத் தோட்டத்து லய வீட்டுக்கு வரவழைத்தவன் நான்தான். அதில் வேறு யார்மீதும் குறை சொல்ல முடியாது.

அப்போது ஊட்டியில் கல்லூரி இரண்டாம் வருடம், விலங்கியல். எங்கள் குடும்பத்தில் கைநாட்டு வைக்காத முதல் ஆள். எண்பது வயது வரை சாப்பாடும் பழக்கவழக்கமும் ஒருவரைக் கொண்டுசேர்க்கலாம், நூறை நெருங்க மரபணுவில் ஏதோ சின்ன வித்தியாசம் துணை நிற்க வேண்டும், அது சில குடும்பங்களில் தொடர்ந்து வரும் என்று ஒருநாள் பேராசிரியர் சொன்னார். நான் எழுந்து நின்றேன். "சார், எங்க தாத்தாவுக்குத் தொண்ணூத்தேழு."

அப்படி எழுந்து நின்றதற்குக் காரணம் இருந்தது. அப்பா நாற்பத்து நான்கு வயதில் இறந்தார். நடுவட்டத்துக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டத்துச் சரிவில், கொழுந்து மூட்டையை இறக்கிவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழவில்லை. அன்றிலிருந்து மேடு ஏறும்போது மூச்சு வாங்கினாலே எனக்குப் பயம் வந்துவிடும். அப்போதெல்லாம் தாத்தாவை நினைத்துக்கொள்வேன். சொந்தப் பல்லால் முறுக்குக் கடிக்கிற மனிதர். அவர் ரத்தம்தானே எனக்கும்? அப்பாவைக் கொன்றது குளிரும் சுமையும், ரத்தமல்ல. இந்த நினைப்பில்தான் தைரியமாக இருந்தேன்.

பேராசிரியருக்குத் தெரிந்த டாக்டரம்மா ஒருவர் கோயமுத்தூரிலிருந்து எங்கள் ரத்தத்தை எடுத்து ஆராய ஞாயிற்றுக்கிழமை ஜீப்பில் வந்தார். அன்று காலையில் அம்மாவுக்கு விளக்கினேன். "ரத்தத்தப் பாத்தா யாரு யாருக்குப் பொறந்தாங்கன்னே சொல்லிடுவாங்கம்மா." படித்த கர்வம். அம்மா அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள்.

தாத்தா கோட்டுப் போட்டுக்கொண்டு கையை நீட்டினார்.

"வலிக்குதுங்களா தாத்தா?"

"அட்ட கடிக்காத கடியா இது? எடு தாயி. எமன் என் பேர ஆள்கணக்கு செக்ரோல்ல ஏத்த மறந்துட்டான். நீயாச்சும் எழுதிக்க."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அடுத்து என் ரத்தம். கண்ணாடிக் குழாய்கள் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நின்றதைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது. டாக்டரம்மா தாளில் தாத்தாவுக்கு ஒரு கட்டம் போட்டார், அதன்கீழ் கோடு இழுத்து அப்பாவுக்கு இன்னொன்று, அதன்கீழ் நான்.

"ஏனுங்க தம்பி, இவரு உங்க அப்பாவப் பெத்தவருதானுங்களே?"

"ஆமாங்க டாக்டர்."

அம்மா வேகமாக வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "டாக்டரம்மா, ரத்தத்துல எப்படியும் தெரிஞ்சிரும். நானே சொல்லிர்றேன். எங்கள மறுபடி கப்பலேத்திராதீங்க."

டாக்டரம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்கும்தான்.

அம்மா சொன்னாள். நாங்கள் இலங்கைத் தோட்டத்தில் இருந்தபோது தாத்தா பக்கத்து லயத்துக்காரர். பெற்ற பிள்ளைகள் இரண்டும் சின்ன வயதிலேயே காய்ச்சலில் போய்விட்டன. எல்லோரும் இந்தியாவுக்குத் திரும்ப எழுதிக்கொடுத்தபோது இவர் ஒற்றை ஆளாக நின்றார். "இவன் அப்பாதான் பாரத்துல தகப்பன்னு இவரு பேர எழுதச் சொன்னாரு. ஒரே குடும்பமா பாஸ்போட் வந்துச்சு. அப்ப இவனுக்கு நாலு வயசு."

"அப்ப எங்க நெசத் தாத்தா?" என்று கேட்டேன்.

அம்மா என்னைப் பார்க்கவில்லை. "ஒங்கப்பா மாதிரியேதான். நாப்பத்திரெண்டு வயசுல, காலையில ஆளெண்ணுற பெரட்டுக் களத்துல நின்னுக்கிட்டு இருந்தவரு."

அம்மா பயந்தது குடியுரிமைச் சோதனை என்று. காலையில் நான் பேசிய பேச்சு அவளுக்கு அப்படித்தான் கேட்டிருக்கிறது. டாக்டரம்மா அவளை உட்காரவைத்து, இதை எந்த ஆபீசுக்கும் சொல்லப்போவதில்லை என்று இரண்டு மூன்று தடவை சொன்னார். பிறகு என்னிடம் குரலைத் தாழ்த்தி, "தம்பி, பயந்துக்காதீங்க. ஆனா வருசா வருசம் நெஞ்சக் காட்டிக்கோங்க" என்றார். தாளில் முதல் கட்டத்துக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் இருந்த கோட்டை அடித்தார். தாத்தாவின் குழாய் பெட்டிக்குள் போனது. என்னுடையது தேவைப்படவில்லை.

ஜீப் போனதும் தாத்தாவிடம் கேட்டேன். "ஏன் சொல்லல?"

"தாத்தான்னு கூப்ட்ட. வந்தேன். இதுல என்னத்தச் சொல்றது?"

நல்ல பதில்தான். அன்றைக்கு அது எனக்குப் போதவில்லை, இன்றைக்கும் போதவில்லை. அப்பா செத்த அன்று என்னைக் கட்டிக்கொண்டு, "நீ என்னாட்டம் இருப்படா" என்று சொன்னவர் அவர். அம்மா பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். இரண்டு பேருக்கும் தெரியும்.

மூன்று வருடம் ஆகிறது. அவருக்கு நூறு நடக்கிறது. தேநீரைக் கொண்டுபோய் அவர் பக்கத்தில் வைப்பேன், கூப்பிடுவதில்லை. டம்ளர் வைக்கும் சத்தம் கேட்டு அவரே திரும்பிப் பார்த்துக்கொள்கிறார்.