வாசலில் விட்ட செருப்பு

கார் பத்திரிகையில் சேர்ந்த புதிதில், ஜப்பானின் பழைய குட்டிக் கார்கள் இரண்டை ஒப்பிட்டு எழுத, பவானிபூரில் இரண்டையும் வைத்திருந்த ஒரு தமிழரிடம் என்னை அனுப்பினார்கள். ஆறடி உயரம், நல்ல தொப்பை. நிறுத்த இடமில்லாததால் இரண்டில் ஒன்றை அவர் விற்றாக வேண்டும்.

செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் ஓட்டுவார். "என்ன சார், கோயிலா?" என்றேன்.

"இந்தக் குட்டி பெடலைச் செருப்போட மிதிக்க முடியாது தம்பி. இந்தா, மடியில வச்சுக்கோ."

முதலில் சுபாரு 360. நாலு பேர் உட்காரலாம். "குடும்பத்துக்கு இதுதான்," என்றார், கொட்டாவியோடு.

திரும்பி வந்து மஸ்டா ஆர்360-இல் ஏறினோம். பின் சீட்டில் என் பை மட்டும்தான் உட்கார்ந்தது. "இதுல என்ன இருக்கு? இதைத்தான் வித்துடணும்," என்று சொல்லிக்கொண்டே லேக் மார்க்கெட் வரை ஓட்டிவிட்டார்.

காபி குடிக்க இறங்கும்போதுதான் பார்த்தோம், அவருக்கு வெறுங்கால். மஸ்டாவில் ஏறும் அவசரத்தில் செருப்பை வீட்டு வாசலிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார்.

"இதையா சார் விக்கப்போறீங்க?"

தன் வெறுங்காலைப் பார்த்தார். "தம்பி, சுபாருவைப் பத்தி நல்லா எழுது. வாங்க ஆள் வரணும்ல."

எஞ்சின், நீளம், அகலம் எல்லாம் ஒழுங்காக எழுதினேன். செருப்பை எந்த இடத்தில் சேர்ப்பது என்றுதான் இன்னும் புரியவில்லை.