வீட்டில் படிக்கும் பிள்ளைக்குக் கட்டம் இல்லை

காலை பத்து மணிக்கு மகள் ஜெனியோடு தெருவில் இறங்கினால் போதும், "பாப்பாவுக்கு லீவா?" என்று பூக்காரம்மாவில் தொடங்கி பால்காரர் வரைக்கும் விசாரணை. மெல்பர்னில் இப்படி ஒருவரும் கேட்டதில்லை. அங்கே கேட்டது சட்டம் மட்டும்தான், அங்கிருந்து இதை வாசிக்கும் உங்களுக்குத் தெரியும். வீட்டிலேயே படிக்க வைக்கப்போகிறேன் என்று விண்ணப்பித்து, எதை எப்படிச் சொல்லித்தருவேன் என்று எழுதிக்கொடுத்து, பதிவு கிடைத்த பிறகுதான் தொடங்கினேன்.

அப்பா படுக்கையில் விழுந்ததும் திண்டுக்கல்லுக்கே திரும்பிவிட்டோம். இங்கே பள்ளியில் சேர்த்த ஜெனி தினமும் வேன் வரும் நேரத்துக்கு வாந்தி எடுத்தாள். அவளுக்குத் தமிழ் எழுத வராததை வகுப்பே சிரித்துத் தீர்த்திருக்கிறது. போதும்டி என்று நிறுத்திவிட்டேன். சரி, அனுமதி யாரிடம் வாங்குவது? கல்வி அலுவலகத்தில் போய்க் கேட்டால், "எந்த ஸ்கூல்ல சீட் வேணும்?" என்றே திரும்பத் திரும்பக் கேட்டார்கள். கூடும் என்றும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை. யாராவது வந்து பிள்ளையை மறுபடி பள்ளிக்கு இழுத்துப்போய்விடுவார்களோ என்ற பதைப்பு வேறு.

அதனால்தான் போன வாரம் ஓர் அரசுப் பள்ளி டீச்சர் செல்போனோடு வாசலில் நின்று, "படிக்கிற வயசுல பிள்ளை இருக்காம்மா?" என்றதும் அப்பாடா என்றிருந்தது. ஒருவழியாக வீட்டுப் படிப்பைச் சோதித்து அனுமதி தர ஆள் அனுப்பிவிட்டார்கள் என்று நினைத்தேன். உட்காரவைத்து, காப்பி கொடுத்து, ஜெனியின் பாடத்திட்டம், படம், கணக்கு எல்லாவற்றையும் அவர் முன்னால் பரப்பினேன்.

"நல்லாத்தான் இருக்குங்கம்மா. ஆனா நான் வந்தது பள்ளிக்கூடம் போகாத பிள்ளைகளக் கணக்கெடுக்க."

செங்கல் சூளைக்கும் மில்லுக்கும் போகும் பிள்ளைகளைத் தேடி வந்தவர். செல்போனில் நிரப்பும் படிவத்தைக் காட்டினார். போகாததற்குக் காரணம்: நோய், வேலை, இடம்பெயர்ந்த குடும்பம். வீட்டில் படிப்பதற்கு அதில் கட்டமே இல்லை.

"நாளைக்கு எங்க ஸ்கூல்லயே சேத்துக்கிறேன். அம்புட்டுத்தான்."

உள்ளறையில் ஜெனி குமட்டும் சத்தம் கேட்டது. டீச்சருக்கும் கேட்டது. காப்பியைக் கீழே வைத்தார்.

"சரி, இடம்பெயர்ந்த குடும்பம்னு போட்டுக்கிறேன். ஜூன் வரைக்கும் யாரும் கேக்க மாட்டாக. அதுக்குள்ள ஒரு வழி பண்ணிக்கங்க. சொந்த ஊரு?"

"திண்டுக்கல்தான் டீச்சர். இந்த வீட்லதான் பொறந்தேன்."

"அதப் போட்டா செல்லு எடுக்காதும்மா. வெளியூரா இருக்கணும்."

கூடத்துக் கட்டிலில் கிடந்த அப்பா தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார்.

"மெல்பர்ன்னு போட்டுக்கங்க" என்றேன், அவர் பக்கம் திரும்பாமல்.