பெயர் ஏறிய வண்டி

என் ராத்தாவின், அதாவது அக்காவின், கணவர் நளீர், கல்முனையில் ஓட்டோ விற்கும் கடையொன்றில் பதினொரு வருடமாக வேலை செய்கிறார். வாகன இறக்குமதி நின்றிருந்த வருடங்களில் வண்டியில்லாத கடையின் வெறும் தரையைக் கூட்டினார், டயர் விற்றார், அரைச் சம்பளம் வாங்கினார். கடைச் சாவி, எங்கள் பேச்சில் திறப்பு, எப்போதும் அவர் இடுப்பில்தான் இருக்கும்.

அந்தத் திங்கட்கிழமை பகல், நான் சோற்றுப் பார்சலோடு போனபோது கடையில் ஒரேயொரு புது ஓட்டோ நின்றது. அதனருகே மருதமுனை சுபைறா கைப்பையை இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி இறக்கிப் பிழைக்க, நகையை விற்று அதை வாங்குகிறார். பத்தொன்பது இலட்சத்து நாற்பதாயிரம்; மாறாது என்று சனிக்கிழமையே மச்சான் வாயால் சொல்லி முடித்திருந்தார்.

மச்சான் சோற்றைத் தொடவில்லை.

"கொழும்பால மெசேஜ் வந்திட்டு புள்ள. ஒண்டேகால் லட்சம் கூட்டட்டாம்."

"ஏன்?"

"டொலர் ஏறிட்டு. அதோட சுங்க வரி ஏறும், அந்த வரிக்கு மேல வற் வரி ஏறும். வண்டி அதே வண்டிதான்."

"அவக்கிட்ட சொன்னீங்களா?"

"அவக்கிட்ட இனிக் குடுக்க ஒண்டுமில்ல."

லுஹர் தொழுதுவிட்டுக் கடை முதலாளி ஹாஜியார் வந்தார். மச்சானைக் கண்ணாடி அறைக்குள் கூப்பிட்டார். வாசலில் நின்ற எனக்கு எல்லாம் கேட்டது. தூரத்திலிருந்த சுபைறாவுக்குக் கேட்கவில்லை.

"புது விலயச் சொன்னயா?"

"இல்ல ஹாஜியார். மாறாதெண்டு சொல்லிப்போட்டன்."

"மாறாம இரிக்க உன்ட வாய் என்ன கெசட்டா?"

"இது பழைய விலைக்கு வந்த வண்டிதானே?"

"அடுத்ததப் பழைய விலைக்குத் தருவானா? இத வித்த காசில அத எடுக்க ஏலாட்டி, திரும்பவும் டயர் விப்பமா?"

அதுவும் நியாயம்தான்.

"பேர் ஏறிட்டு ஹாஜியார். அவட பேரில பதிஞ்சாச்சு."

ஹாஜியார் உட்கார்ந்துவிட்டார். பதிவில் ஒருவர் பெயர் ஏறினால், ஓர் அடி ஓடாவிட்டாலும் அடுத்தவருக்கு அது பழைய வண்டி. இனி அதைக் கூடிய விலைக்கு யாரும் கேட்கமாட்டார்கள்.

"மெசேஜ் எத்தின மணிக்கு வந்த?"

பொய் சொல்ல ஒரு நொடி போதும். நான் மச்சானின் முகத்தையே பார்த்தேன்.

"ஒம்பதரைக்கு."

"பதிவுப் பேப்பர் அனுப்பினது?"

"பத்தரைக்கு."

"அப்ப வேணுமெண்டுதான் செஞ்சிரிக்காய்."

"ஓம்."

ஹாஜியார் கையை நீட்டினார்.

"நாளையில இருந்து கடய நான் துறக்கிறன்."

மச்சான் இடுப்பிலிருந்த திறப்பைக் கழற்றி மேசையில் வைத்தார். ஹாஜியார் மேசை இலாச்சியை இழுத்து, வண்டித் திறப்பை எடுத்து அவர் பக்கம் தள்ளிவிட்டார்.

மச்சான் வெளியே வந்ததும் சுபைறா எழுந்து நின்றார்.

"தம்பி, விலை..."

"மாறல்ல ராத்தா."

ஓட்டோ வெளியே போனதும் மச்சான் பலகையில் பழைய விலையை அழித்துப் புது விலையை எழுதினார். பிறகு தும்புத்தடியை எடுத்து வெறும் தரையைக் கூட்டத் தொடங்கினார்.