ஏழுமலை கேட்ட இரண்டாவது கையொப்பம்

ஏழுமலையைத் திட்டி ஒரு மின்னஞ்சல் எழுதிக்கொண்டிருந்தபோதுதான் அவர் இறந்த செய்தி வந்தது. நான் கையொப்பமிட்டு அனுப்பிய ஒரு நிரல் நூலகம் அவருடைய கையொப்பத்துக்காகக் காத்துக் கிடந்தது. ஒப்புதலோ மறுப்போ, அன்றைக்கே சொல்லிவிடுகிறவர் அந்த முறை எதுவும் சொல்லவில்லை. கடுமையாக இரண்டு வரி எழுதிவிட்டு மூன்றாவதைத் தேடிக்கொண்டிருந்தேன். கைபேசியில் அவர் மனைவி மல்லிகா.

"அண்ணே, அவரு போய்ட்டாரு. காலைல நெஞ்ச வலிக்குதுன்னாரு. பொன்னேரி ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள..."

அழைப்பு முடிந்ததும் மின்னஞ்சலை அழித்தேன். வருத்தத்தில் அழித்தேன் என்று சொல்லமாட்டேன். அனுப்ப ஆளில்லை, அவ்வளவுதான். வருத்தம் ரயிலில் வந்தது. அனுப்பம்பட்டில் காரணமே இல்லாமல் வண்டி நெடுநேரம் நின்றபோது, இந்த மனிதரோடு இனி சண்டை போட முடியாது என்பது உறைத்தது.

இதைப் படிக்கும் உங்களில் பலருக்கு ஏழுமலையைத் தெரியும். சிலருக்கு அவர் செய்த கருவியை மட்டும் தெரியும். இரண்டும் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஸ்கீம் என்பது ஒரு நிரல்மொழி. அதைப் பல குழுக்கள் தனித்தனியாகச் செய்து வைத்திருக்கின்றன. பெயர் ஒன்றானாலும், ஊருக்கு ஊர் பேச்சு மாறுவதுபோல ஒவ்வொன்றும் கொஞ்சம் வேறுபடும். ஒன்றில் ஓடுகிற நிரல் இன்னொன்றில் தடுக்கி விழும். பிறரும் எடுத்துப் பயன்படுத்த எழுதி வைக்கும் நிரல் தொகுப்புக்கு நூலகம் என்று பெயர். எல்லா ஸ்கீமிலும் ஓடும்படி எழுதப்பட்ட நூலகங்களைச் சேர்த்து வைத்து, கேட்டவர்களுக்கு எடுத்துத் தருவதுதான் ஏழுமலை செய்த 'பறி'. அதில் படங்கள் கிடையாது, பொத்தான்கள் கிடையாது. கறுப்புத் திரையில் ஒரு வரி கட்டளையைத் தட்டினால் போதும். கேட்ட நூலகத்தையும், அது நம்பியிருக்கும் மற்ற நூலகங்களையும் கொண்டுவந்து நம் கோப்புறைக்குள் வைத்துவிடும். பழவேற்காடு ஏரியில் கையால் தடவி இறால் பிடிப்பவர்கள் பல்லில் கவ்விக்கொள்ளும் ஓலைக்கூடைக்குப் பறி என்று பெயர். அதையே கருவிக்கும் வைத்தார்.

பறிக்குள் எது நுழைய வேண்டுமானாலும் இரண்டு பேர் கையொப்பமிட வேண்டும். இருவரும் அதை வெவ்வேறு ஸ்கீமில் ஓட்டிப் பார்த்திருக்க வேண்டும். இதுதான் அவருடைய விதி. அது முதலில் பதம் பார்த்தது என்னைத்தான்.

அப்போது நாங்கள் சென்னையில் ஒரே நிறுவனத்தில் இருந்தோம். தமிழ்ச் சொற்களை அகரவரிசைப்படுத்த நான் ஒரு நூலகம் எழுதியிருந்தேன். நிறுவனத்தின் பெரிய வேலை ஒன்று அதை நம்பி நின்றது. ஏழுமலை கையொப்பமிட மறுத்தார். நான் ஓட்டிப் பார்த்த ஸ்கீமைத் தவிர வேறு எதிலும் அது ஓடவில்லை என்றார். "ஓடுதுன்னு சொல்லாத தியாகு. எதுல ஓடுதுன்னு சொல்லு." மொத்த அலுவலகமும் கேட்கும்படி சொன்னார். அந்த வாரமே பாஸ்கர் என்கிற எங்கள் சகா ஒரு நூலகத்தைக் கொண்டுவந்தார். ஆமை வேகம், ஆனால் எல்லாவற்றிலும் ஓடியது. வேலையும் குழுத் தலைமையும் அவருக்குப் போயின. அது என்னிடமிருந்து திருடியது என்று கூட்டத்தில் எழுந்து சொன்னேன். அன்றிலிருந்து பாஸ்கர் என்னிடம் பேசுவதில்லை. நானும் பேசுவதில்லை. ஒருவர் இறந்துவிட்டார் என்பதற்காகப் பழையதை மாற்றிச் சொல்லும் பழக்கம் எனக்கில்லை. என் நூலகம் நல்ல நூலகம். ஏழுமலை கொஞ்சம் பொறுத்திருக்கலாம்.

பிறகு அவர் வேலையை விட்டுவிட்டு ஏரிக்கரையிலிருக்கும் தன் குப்பத்துக்கே திரும்பிவிட்டார். பறியை அங்கிருந்தே நடத்தினார். கூட கையொப்பமிட்டுக்கொண்டிருந்தவர் விலகியபோது என்னை வரச் சொன்னார். கரையில் ஏற்றியிருந்த ஒரு படகின் விளிம்பில் உட்கார்ந்து பேசினோம்.

"இனிமே ரெண்டாவது கையெழுத்து நீதான் போடணும்."

"பாஸ்கரக் கூப்புடு. உனக்கு வேண்டியவனாச்சே."

"அதாம்பா வேணான்றேன். அவன் நான் எத குடுத்தாலும் போட்டுடுவான். நீ என் மேல கடுப்புல கீற. வரி வரியா நோண்டுவ."

"இன்னா கொழுப்புடா உனக்கு."

"கோவம் ஆறிப்போச்சுன்னா சொல்லிடு. வேற ஆளப் பாத்துக்கறேன்."

ஒப்புக்கொண்டேன். நட்பு திரும்பியதால் அல்ல. அவர் சறுக்கும் நாளில் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அந்த நாள் வந்தது.

ஏரி கடலைச் சேரும் முகத்துவாரத்தில் மணல் சேர்ந்துகொண்டே இருக்கும். ஆழம் குறைந்த நேரத்தில் படகை விட்டால் தரைதட்டும், அலை அடித்தால் கவிழும். ஏழுமலை அங்கே ஆழத்தை அளக்கும் இரண்டு அளவிகளை நட்டு, குப்பத்தின் வலைக்கூடத்தில் ஒரு மின்பலகை மாட்டியிருந்தார். தண்ணீர் எத்தனை அடி என்று அது காட்டும். ஐந்துக்குக் கீழே இருந்தால் யாரும் போகக் கூடாது என்பது ஊர்க் கட்டுப்பாடு. பலகையை ஓட்டிய சின்னக் கணினி தனக்கு வேண்டிய நூலகங்களைப் பறியிலிருந்துதான் எடுத்தது.

புயல் சின்னத்தால் பல நாள் கடலுக்குப் போகாமல் இருந்து, வானம் தெளிந்த ஒரு காலை. அதுவரை பலகை நம்பியிருந்த ஒற்றை அளவியில் பாசி சுற்றிக்கொண்டு எண்ணே வரவில்லை. அதைச் சுத்தம் செய்துவிட்டு, இனி இரண்டு அளவிகளின் சராசரியைக் காட்டட்டும் என்று ஏழுமலை நூலகத்தைத் திருத்தி எனக்கு அனுப்பினார். உடனே அழைப்பும் வந்தது. பின்னால் ஒரே இரைச்சல்.

"பாத்துட்டியா?"

"பாத்துனு இருக்கேன்."

"சீக்கிரம் போடுப்பா. காத்து தெரும்பறதுக்குள்ள போவணும்னு நிக்கறாங்க. வாயால சொன்னா கேக்கல, போர்டுல பாத்தாதான் நம்புவாங்களாம்."

அவருடைய மைத்துனர் தேசிங்குவின் குரல் குறுக்கே வந்தது. வரிசையில் முதல் படகு அவருடையது. "இன்னா மச்சான், மெட்ராஸ்ல ஒருத்தன் கைநாட்டு வெச்சாதான் நம்ம போட்டு கெளம்புமா?" இன்னொருவர், "தண்ணிக்கு டாக்டர் சீட்டு வாங்கினு வரணுமாம்டா!" என்றார். சிரிப்பு.

"அவன் கெடக்கறான். நீ பாரு," என்றார் ஏழுமலை.

என் ஸ்கீமில் ஓட்டினேன். ஓர் அளவி மூன்று என்றது, மற்றது நான்கு. ஏழுமலையின் கணினியில் சராசரி 3.5 என்று வந்திருந்தது. என்னுடையதில் 7/2 என்று வந்தது. சில ஸ்கீம்கள் பின்னத்தைப் பின்னமாகவே வைத்திருக்கும். சில வைத்திருக்காது. இரண்டும் தவறில்லை. ஆனால் ஏழுமலையின் மின்பலகை எண்ணை முன்னாலிருந்து படித்து, இலக்கமோ புள்ளியோ அல்லாத குறி வந்ததும் நின்றுவிடும். சாய்கோட்டுக்கு முன்னால் இருந்தது ஏழு. பலகைக் கணினியில் இருந்ததும் என்னுடைய ஸ்கீம்தான்.

"போடமாட்டேன்," என்றேன்.

"இன்னாத்துக்கு?"

"உன் போர்டு ஏழடின்னு காட்டும்."

"மூணரைதாம்பா கீது. என் மெஷின்ல ஒயுங்கா வருதே."

ஆண்டுக்கணக்கில் சேர்த்து வைத்திருந்த இனிப்போடு சொன்னேன். "ஓடுதுன்னு சொல்லாத ஏழுமலை. எதுல ஓடுதுன்னு சொல்லு."

மறுமுனையில் தேசிங்கு கத்திக்கொண்டிருந்தார். "நீதான எழுதன? நீயே போட்டுக்க! எவன் வந்து கேக்கப் போறான்?" அது உண்மை. சர்வர் ஏழுமலையின் கையில் இருந்தது. விதியை அவர் ஒரு நிமிடத்தில் எடுத்துவிடலாம். ஊரே முகத்துக்கு நேராக நிற்கிறது, வீட்டுக்காரியின் தம்பி ஏசுகிறான், இங்கே நானோ அவருடைய பழைய பகையாளி. எடுத்துவிடுவார் என்றே நினைத்தேன். ஒரு படகின் எஞ்சின் உறுமுவது கேட்டது. அவர் தோற்க வேண்டும் என்று காத்திருந்தவன், "வேணாம் ஏழுமலை, வேணாம்" என்று முணுமுணுத்தேன். அவர் காதில் விழுந்ததா என்று தெரியாது.

"எஞ்சின ஆஃப் பண்ணு," என்று அவர் கத்தியது கேட்டது. "மூணரைய ஏழுன்னு காட்டியிருக்கும். நான் எழுதனது தப்பு. அந்தாளு சொல்றதுதான் சரி. எவனும் போவாத!"

"இன்னாய்யா நீ? புள்ளகுட்டிய வெச்சினு வயித்துல ஈரத்துணிய போட்டுக்கவா?"

"எங்கூட்ல வந்து துன்னு. போட்ட எடுக்காத."

அப்புறம் வந்த வசவுகளை இங்கே எழுத முடியாது. எல்லாவற்றையும் அவர் நின்று வாங்கிக்கொண்டார். நூலகத்தைத் திருத்தினார். நான் ஓட்டிப் பார்த்துக் கையொப்பமிட்டேன். பலகை மூன்றரை காட்டியது. அன்று ஒரு படகும் போகவில்லை. தேசிங்கு பல மாதம் அவரோடு பேசவில்லை. எனக்கு அவர் நன்றி சொல்லவில்லை. "நாளைக்கும் இப்டியே இரு," என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். அதற்காகவும் எனக்கு அவர்மேல் கோபம் இருந்தது.

துக்க வீட்டில் பந்தலுக்குக் கீழே தேசிங்குதான் டீ ஊற்றிக்கொண்டிருந்தார். என்னைச் சற்றுநேரம் உற்றுப் பார்த்தார். "நீதான அந்த மெட்ராஸ்காரன்? உங்க ரெண்டு பேரால எனக்கு ஒருநாள் பொயப்பு போச்சு." சொல்லிவிட்டு என் டம்ளரை விளிம்புவரை நிரப்பினார்.

சென்னையிலிருந்து வந்த நம் நண்பர்கள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். கையொப்பத்துக்காகக் காத்திருந்தவற்றில் அவசரமான பாதுகாப்புத் திருத்தம் ஒன்றும் இருந்தது. இரண்டாவது ஆள் இல்லாமல் பறி அப்படியே நின்றுவிட்டது. நம் பறிக் குழுவின் கூட்டங்களை நடத்தும் சுந்தர் என் தோளில் கைபோட்டார். அவர் பறிக்குள் ஒரு வரி நிரல்கூடப் போட்டதில்லை.

"இப்போதைக்கு ஒரு கையெழுத்து போதும்னு மாத்திடுங்க. சர்வர் இப்ப உங்க கையிலதான இருக்கு? அவரே இருந்திருந்தா இதத்தான் சொல்லியிருப்பாரு."

இழவு வீடு என்றும் பார்க்காமல் சிரித்துவிட்டேன். ஆனால் அந்த யோசனை இனித்தது. என் கையொப்பம் மட்டும் போதும் என்றாகிவிட்டால் என்னைக் கேட்க யாருமில்லை. எது உள்ளே வரலாம், எது கூடாது என்பதை நான் ஒருவனே சொல்வேன். இத்தனை வருடம் எனக்குக் கிடைக்காதது அதுதான். பந்தலில் இருந்த எல்லோரும் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள். எனக்கு வேண்டியவர்கள் என்று அவர்கள் தங்களை நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

பாஸ்கரும் வந்திருந்தார். யாரோடும் சேராமல், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு தண்ணீர் ஓரமாக நின்றார். எழுந்து அவரிடம் போனேன்.

"ரெண்டாவது கையெழுத்து நீ போடறியா?"

"சாவு வீட்ல வெளாட்டா?"

"இல்ல."

"நீ அனுப்பற எதையும் நான் சும்மா வுடமாட்டேன். தெரியுமில்ல?"

"தெரிஞ்சுதான் கேக்கறேன்."

"என்னத் திருடன்ன. அதுக்கு மன்னிப்பு கேக்கறியா?"

"இல்ல."

கோபத்தில் அவர் முகம் சிவந்தது. கையிலிருந்த செருப்பைக் கீழே போட்டுக் காலில் மாட்டினார். "சரி, போடறேன்," என்றார். "உனக்காக இல்ல." அவ்வளவுதான். கை குலுக்கவில்லை.

ஏழுமலையோடு எனக்குக் கடைசிவரை சமாதானம் ஆகவில்லை. ஆக வேண்டும் என்று அவரும் விரும்பியதில்லை என்று இப்போது படுகிறது. பறி எல்லோருக்கும் சொந்தம். முகத்துவாரத்துப் பலகை அந்த ஊருக்குச் சொந்தம். அவரிடமிருந்து நான் எனக்கென்று வைத்துக்கொள்வது ஒன்றுதான்: என் கையொப்பத்துக்குப் பக்கத்தில், என்னைப் பிடிக்காத ஒருவருக்கான இடம்.

அந்தப் பாதுகாப்புத் திருத்தத்தை நேற்று பாஸ்கருக்கு அனுப்பினேன். மறுத்துவிட்டார். மூன்று காரணங்கள் எழுதியிருக்கிறார். இரண்டு அபத்தம். மூன்றாவதை அவருடைய ஸ்கீமில் ஓட்டிப் பார்த்தேன். சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். அதைத் திருத்திக்கொண்டிருக்கிறேன். கூடவே மற்ற இரண்டுக்கும் ஒரு பதில் எழுதிக்கொண்டிருக்கிறேன், நல்ல காரமாக.