வெள்ளிக்காரன் செத்துத்தான் போனான்

அந்தப் படத்தின் இரண்டாம் பாகத்தில் முதல் ஐந்து நிமிடத்துக்குப் பிறகு என்ன நடக்கிறது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. தெரிந்துகொள்ளும் எண்ணமும் இல்லை. போன மாதம் என் பிள்ளைகள் அதைப் போனில் தேடிப் பிடித்து, "அம்மா, வாங்க, ஒங்க காலத்துப் படம்" என்று கூப்பிட்டார்கள். அடுப்பில் வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டு, அணைந்து கிடந்த அடுப்பின் முன் போய் நின்றுகொண்டேன். பத்து வயதில் எடுத்த முடிவை இந்த வயதில் வந்து மாற்றிக்கொள்வது எனக்கு மரியாதையாகப் படவில்லை.

கண்டிக்கு மேலே ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்தில், எங்கள் வீடுகள் வரிசையாக இருந்த லயத்துக்குக் கீழே பிள்ளைக் காம்பரா இருந்தது. அம்மாமார் கொழுந்து எடுக்கப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுப் போகும் இடம். மின்சாரம் அங்கே மட்டும்தான். அதனால் தோட்டத்தில் யார் வீடியோ டெக் வாடகைக்கு எடுத்துப் படம் போட்டாலும், தொட்டில்களை அவிழ்த்து ஓரமாக வைத்துவிட்டு அங்கேதான் போடுவார்கள். டெக்கும் டிவியும் கெலிஓயாவிலிருந்து வரும். கொண்டுவருகிற முஸ்லிம் அண்ணனைப் பெரியவர்கள், சிறியவர்கள் எல்லோருமே நானா என்றுதான் கூப்பிட்டோம். ஆங்கிலப் படமென்றால் நானா டிவிக்குப் பக்கத்தில் ஒரு கதிரையைப் போட்டு உட்கார்ந்து, கதையைத் தமிழில் சொல்லிக்கொண்டே வருவார். அவர் சொல்வதில் பாதி படத்தில் இருக்காது. அந்தப் பாதிதான் நன்றாக இருக்கும்.

அந்த முறை வந்தது, நட்சத்திரத்திலிருந்து இறங்கி வந்த ஒருவனைப் பற்றிய படம். உடம்பெல்லாம் வெள்ளி மினுக்கம், நெஞ்சில் ஒரு விளக்கு. "இவரு நம்மட ஆளில்ல, வானத்துக்கு அங்கால ஈக்கிற ஆள்" என்று நானா அறிமுகம் செய்தார். நாங்கள் அவனுக்கு வெள்ளிக்காரன் என்று பெயர் வைத்தோம். கடைசியில் உலகத்தை எரிக்க வந்த இயந்திரத்தை நிறுத்துவதற்காக அவனே தீக்குள் நடந்து போகிறான். நெஞ்சு விளக்கு மங்கி அணைகிறது. சாம்பல் பறக்கிறது. அதோடு டிவியும் அணைந்தது. "முடிஞ்சி, எல்லாரும் போங்க" என்று நானா வயரைச் சுற்றத் தொடங்கினார். லயம் முழுக்க மூக்கைச் சிந்திக்கொண்டு வீட்டுக்குப் போனது. அம்மா அன்றைக்கு அழுதுகொண்டேதான் ரொட்டி சுட்டாள்.

அது மாசி மாதம். எங்கள் தோட்டத்தில் காமன் கூத்து நடக்கும் காலம். சிவன் நெற்றிக்கண்ணைத் திறந்து காமனை எரித்துவிடுவார். அவன் மனைவி ரதி அழுது புரண்டு கேட்பாள். மூன்றாம் நாள் காமனை உயிர் எழுப்புவார்கள். எரித்ததற்கும் எழுப்புவதற்கும் இடைப்பட்ட நாளில் தப்பு மேளச் சத்தம் கேட்காது, கூத்து நடக்கும் காமன் பொட்டலில் யாரும் விளையாட மாட்டார்கள். சாவு வீடு மாதிரிதான் இருக்கும். சும்மா கிடந்த அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்தில்தான் தோட்டத்து இளைஞர்கள் டெக் எடுத்தார்கள். மற்ற எல்லா ஞாயிறும் நானாவுக்குக் கல்யாண வீடுகள் இருந்தனவாம்.

ரதி வேஷம் கட்டுகிறவர் என் பெரியப்பா. அதற்கு முன் பல வருஷம் அவர் வீரபத்திரன். அந்த மீசைக்கு வேறு வேஷமே பொருந்தாது என்பார்கள். முந்தின வருஷம் பெரியம்மா காய்ச்சலில் செத்துப்போனாள். படம் போட்ட அந்த மாசியில்தான் பெரியப்பா மீசையை எடுத்துவிட்டு, தனக்கு ரதி வேஷம் வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டார். படம் பார்த்த அன்றைக்கும் முகத்து மஞ்சளைக் கழுவாமல் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். படம் தொடங்குவதற்கு முன் நானாவோடு வெளியே நின்று ஏதோ பேசிக்கொண்டிருந்ததையும் பார்த்தேன். பெரியவர்கள் பேசுவதற்கு ஏதாவது இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

அந்த வருஷக் கடைசியில் கண்டி டவுனெங்கும் வெள்ளிக்காரனின் முகம். மதில்களில் ஒட்டினார்கள், பஸ்ஸின் முதுகில் ஒட்டினார்கள், ஒலிபெருக்கி கட்டிய வான் வண்டி ஒன்று எங்கள் பள்ளிக்கூட வாசலில் நின்று நோட்டீஸ் வீசியது. 'அவன் மீண்டும் வருகிறான்' என்று மூன்று மொழியிலும் போட்டிருந்தது. எனக்குக் கோபம்தான் வந்தது. என் கண்ணால் சாம்பலாகப் பார்த்தவனை யாரைக் கேட்டு வரச் சொன்னார்கள்?

வகுப்பில் நகைக்கடைக்காரர் மகள் என் பக்கத்து மேசை. அவர்கள் வீட்டில் சொந்தமாகவே டெக் இருந்தது.

"அவன் எங்க செத்தான்? கடைசியில எழும்பினானே. நீ பாக்கலையா?" என்றாள்.

"செத்துட்டான். சாம்பலாயிட்டான். நா பாத்தேன்."

"தூங்கிட்டுப் பேசாத. தோட்டத்து ஆளுங்களுக்குப் படம் பாக்கத் தெரியாதுன்னு எங்க அப்பா சொல்றது சரிதான்."

அவள் என்னை மட்டும் சொல்லியிருந்தால் கிள்ளிவிட்டு விட்டிருப்பேன். எங்கள் லயம் முழுக்க அழுத அழுகையைத் தூக்கம் என்றுவிட்டாள். அந்த இடத்திலேயே பந்தயம் கட்டினோம். இரண்டாம் பாகத்தில் வெள்ளிக்காரன் உயிரோடு வந்தால், நான் வகுப்புக்கு முன்னால் நின்று, தோட்டத்துக்காரர்களுக்குப் படம் பார்க்கத் தெரியாது என்று சொல்ல வேண்டும். வராவிட்டால் அவள் எங்கள் லயத்துக்கு வந்து, எங்கள் குசினியில், அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ரொட்டி சாப்பிட வேண்டும். காமன் எரிந்தானா எரியவில்லையா என்று கூத்தில் இரண்டு கட்சி பிரிந்து பாட்டாலேயே சண்டை போடுவார்கள். எங்கள் வகுப்பும் அப்படியே எரிந்த கட்சி, எரியாத கட்சி என்று இரண்டாகிப்போனது. தோட்டத்திலிருந்து வந்த நாலைந்து பேர் மட்டும் என் பக்கம். மற்ற எல்லாரும் எரியாத கட்சி.

லயத்தில் எனக்கு ஆதரவு அமோகமாக இருந்தது. செத்தவன் எப்படி வருவான் என்று எல்லோரும் கேட்டார்கள். ஆனால் படம் வருகிறதே, அதற்கு ஒரு நியாயம் வேண்டுமல்லவா? "தம்பிக்காரனா இருக்கும். அண்ணன எரிச்சவன சும்மா வுடுவானா?" என்றாள் அம்மா. அப்பா அது ஆவியாக இருக்கும் என்றார். சித்தப்பா அது கம்பெனிக்காரன் காசு பார்க்கச் செய்யும் வேலை என்றார். நான் பந்தயத்தைப் பற்றிச் சொன்னபோது பெரியப்பாவின் முகம் மட்டும் ஒரு மாதிரி ஆனது. தேத்தண்ணியை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார். மறுநாள் வந்து, "சனிக்கெழம நா கூட்டிட்டுப் போறேன் தாயி" என்றார். கலியாணம் கட்டிய நாளிலிருந்து தியேட்டர் பக்கமே போகாத மனிதர்.

இறங்கிப் போகும் வழியெல்லாம் நான் பேசிக்கொண்டே போனேன். வந்திருப்பவன் தம்பிதான் என்று நிரூபிக்க என்னென்ன அடையாளம் பார்க்க வேண்டும் என்று விளக்கினேன். பெரியப்பா ம், ம் என்றார். தியேட்டரில் நிற்கவும் இடமில்லை. விளக்கை அணைத்ததும் விசில் பறந்தது. முதலில் பழைய படத்தின் கடைசிக் காட்சியைத்தான் காட்டினார்கள். அதே தீ, அதே சாம்பல், அதே விளக்கு அணைந்தது. பார்த்தாயா என்று பெரியப்பாவின் கையைக் கிள்ளினேன். ஆனால் படம் அங்கே நிற்கவில்லை. சாம்பலுக்குள் ஒரு வெளிச்சம் துடித்தது. வெள்ளிக்காரன் தூசியைத் தட்டிக்கொண்டு எழுந்து நின்றான்.

தியேட்டரே எழுந்து கத்தியது. நானும் எழுந்து கத்தினேன்.

"பொய்! இது பொய்! எங்களுக்குப் போட்ட படத்துல இது இல்ல!"

முன்வரிசைக்காரர்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். நான் உட்காரவில்லை. பக்கத்தில் திரும்பினால் பெரியப்பாவைக் காணோம். வெளியே ஓடினேன். வராந்தாவில் சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார். துண்டை வாயில் வைத்து அழுத்தியிருந்தார்.

"படத்த நிப்பாட்டச் சொன்னது நாந்தான்" என்றார். "செத்தவன் எந்திரிப்பானான்னு நானாக்கிட்ட மொதல்லயே கேட்டுட்டேன். ஆமான்னாரு. அப்ப அந்த எடத்தோட நிப்பாட்டிருங்கன்னேன். அன்னிக்கு நம்ம பொட்டல்ல காமன் இன்னும் எந்திரிக்காமக் கெடந்தான். இவன் மட்டும் எந்திரிக்கிறதா?"

எனக்கு வந்த ஆத்திரத்தில் அழுகைகூட வரவில்லை. "அப்ப நா தோத்துட்டேனா?"

"நீ பாத்ததத்தான சொன்ன" என்றார். பிறகு, எனக்குச் சொல்கிற மாதிரி இல்லாமல், "ஒரு நிமிசங்கூட கெடக்கல, பாத்தியா? ஒடனே எந்திரிச்சிட்டான்" என்றார்.

படக் கதையில் இருந்த ஓட்டையைத்தான் பிடித்துவிட்டார் என்று நினைத்தேன். அவரும் என் கட்சி என்பதில் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. உள்ளே போகலாமா என்று கேட்டார். வரமாட்டேன் என்றேன். இப்படிப் பொய் சொல்லித் தொடங்குகிற படத்தை நான் பார்ப்பதாக இல்லை. இரண்டு பேரும் மலையேறி வீட்டுக்கு வந்தோம்.

திங்கட்கிழமை நகைக்கடைக்காரர் மகள் எனக்கு முன்பே வந்து காத்திருந்தாள். வகுப்பே காத்திருந்தது. நான் முன்னால் போய் நின்றேன். சொல்ல வேண்டிய வசனத்தை அவள் வாயசைத்துச் சொல்லிக்கொடுத்தாள். நான் என் வசனத்தைச் சொன்னேன்.

"தோட்டத்துக்காரங்க நில்லுன்னு சொன்னா படமே நிக்கும்."

கூச்சல் எழுந்தது. நடந்ததை முழுதும் சொன்னேன். அவள் நம்பவில்லை. நானாவைக் கேட்டுப் பார் என்றேன். அவள் வீட்டுக்கும் அவர்தான் கேசட் கொண்டுவந்து கொடுக்கிறவர். இரண்டு நாள் கழித்து அவளாக என் மேசைக்கு வந்தாள். "கேட்டேன். காமன் எழும்ப முந்தி வேற ஆள் எழும்பக் கூடாதுன்னு சென்னாங்களாம்" என்று நானாவின் குரலிலேயே சொல்லிக் காட்டினாள். பிறகு கேட்டாள், "ஒங்க ஊர்ல ஆள் எழும்புறத நானும் பாக்க வரலாமா?"

பந்தயத்தில் யார் ஜெயித்தது என்று நாங்கள் இருவரும் கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் அடுத்த மாசியில் அவள் தன் அப்பாவோடு வந்தாள். அவளுடைய அப்பா பொட்டலுக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். அவள் எங்கள் குசினியில் பலகையில் உட்கார்ந்து ரொட்டியும் கட்டைச் சம்பலும் சாப்பிட்டாள். உறைப்பில் கண்ணீர் வந்தும் இன்னொன்று கேட்டாள்.

அன்று காலையில் பெரியப்பா வெள்ளைச் சேலையில் அழுத அழுகைக்கு, மூக்குத்தி போட்ட கிழவிகள் முதல் கங்காணி வரைக்கும் அழுதார்கள். காமனை எழுப்பினார்கள். தப்பு முழங்கியது. ரதிக்கு மறுபடி பூவும் பொட்டும் வைத்து, காமனையும் ரதியையும் சேர்த்து நிறுத்தினார்கள். எல்லோரும் கும்பிட்டு முடிந்ததும் பெரியப்பா கூட்டத்தை விட்டு மெதுவாக விலகினார். தலையில் பூ, நெற்றியில் பொட்டு, கையில் கண்ணாடி வளையல். தேயிலைக்கு நடுவே மயானத்துக்குப் போகிற ஒற்றையடிப் பாதையில் ஏறினார். பெரியம்மாவைப் புதைத்த மேட்டுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். வெகு நேரம் உட்கார்ந்திருந்தார். அந்த மேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒங்க பெரியப்பா எதுக்கு அங்க போயி ஒக்காந்திருக்காரு, வேசத்தோட?" என்று நகைக்கடைக்காரர் மகள் கேட்டாள்.

அவள் கேட்டு எனக்குத் தெரியாத விஷயம் எங்கள் தோட்டத்தில் இருக்கக் கூடாது. இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, எல்லாம் அறிந்தவளாகப் பதில் சொன்னேன்.

"அவருக்கு ஞாபக மறதி. வேசத்தக் கலைக்க மறந்துட்டாரு."