பிரேக் இல்லாத சைக்கிளில் மலைக்குப் போனது

எங்கள் வீட்டுச் சைக்கிளுக்குப் பிரேக் இல்லை. தரும்போது இருந்தது. சண்டை முடிந்து முகாமிலிருந்து ஊருக்குத் திரும்பிய சனத்துக்கு ஒரு நிறுவனம் குடும்பத்துக்கு ஒன்றாகச் சைக்கிள் கொடுத்தது. முன்னுக்குக் கூடை வைத்த பெண்கள் சைக்கிள். உப்புக் காற்றில் ஒரு வருடத்துக்குள் பிரேக் கம்பிகள் துருப்பிடித்து இறுகிவிட்டன. அப்பா அவற்றைக் கழற்றி ஆட்டுக் கொட்டில் படலையைச் சாத்தக் கொக்கியாகப் போட்டார். ஒருவரும் குறை சொல்லவில்லை. எங்கள் ஊர் அடம்பன் பக்கத்தில் நிலம் பாய் விரித்த மாதிரி. மிதிக்கிறதை விட்டால் காற்றே சைக்கிளை நிற்பாட்டிவிடும். மிஞ்சினால் காலை ஊன்றலாம்.

அந்தச் சைக்கிளை ஓடினது அம்மா. கீரையும் கத்தரிக்காயும் கட்டிக்கொண்டு மன்னார்ச் சந்தைக்குப் போவார். தள்ளாடிச் சந்தியைத் தாண்டினால் தீவுக்குப் போகிற பாலம். இரண்டு பக்கமும் கடல். மறைப்பு ஒன்றும் கிடையாது. சோழகக் காற்று வீசுகிற மாதங்களில் ஆம்பிளைகளே இறங்கி உருட்டுவார்கள். அம்மா இறங்கமாட்டார். தலையைக் குனிந்து, நெஞ்சை ஹாண்டிலுக்கு மேலே சாய்த்து, மெல்ல மெல்ல மிதிப்பார். நான் பின்னால் கரியரில் இருந்து அவருடைய முதுகைப் பார்த்துக்கொண்டு போயிருக்கிறேன். அப்போது எனக்குப் பதினொரு வயது. என் அம்மா மாதிரிச் சைக்கிள் ஓடுகிற ஆள் இலங்கையில் இல்லை என்று நினைத்திருந்தேன். இப்பவும் அப்படித்தான் நினைக்கிறேன்.

அம்மாவுக்கு ஒரேயொரு தங்கச்சி. எனக்குச் சின்னம்மா. முகாமால் வந்த பிறகு வவுனியாவில் ஒரு தையல் கடையில் வேலை செய்தார். அங்கே லொறி ஓட்டிக்கொண்டு வந்த ஒருவரை விரும்பிக் கட்டினார். அவர் மாத்தளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து ஆள். கலியாணம் தோட்டத்துக் கோயிலில் நடந்தது. நாங்கள் அப்போதுதான் ஊருக்கு வந்து தறப்பாளுக்குக் கீழே இருந்தோம். வயலில் மிதிவெடி எடுத்து முடியவில்லை. எங்கள் பக்கத்தால் ஒருவரும் போகவில்லை.

பக்கத்து வீட்டுப் போனுக்குச் சின்னம்மா எடுப்பார். முதலில் நல்ல சுகம் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு கதை குறைந்தது. ஒரு நாள் அழுதார். மாமியார் அடிக்கிற ஆள் இல்லையாம். ஆனால் தண்ணீரும் விறகும் இவர்தான் தூக்கவேண்டும். வாய் திறந்து ஏதாவது சொன்னால், கேட்க ஆளில்லாத பிள்ளை என்று, வரிசை வீடுகளான லயத்தில் எல்லாருக்கும் கேட்கச் சொல்வாராம். கலியாணத்துக்கு உன் பக்கத்தில் எத்தனை பேர் வந்தார்கள் என்று கேட்பாராம். லொறிக்காரச் சித்தப்பா கிழமையில் பாதி வீட்டில் இல்லை. அவருக்கு இதொன்றும் தெரியாது.

அம்மா போனைக் காதில் வைத்தபடி "ம்" என்றார். 

அந்தப் போகம் வெட்டி நெல் வீட்டுக்கு வந்தது. அம்மா அப்பாவிடம் சொன்னார்.

"தங்கச்சியைப் பாக்கப் போறன். வெறுங்கையோட போகேலாது. சைக்கிளைக் குடுத்திட்டு வாறன்."

அப்பா கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தார். பிறகு எழும்பிப் போய்ச் சங்கிலிக்கு எண்ணெய் விட்டார். எங்கள் பக்கத்தில் ஒரு பொம்பிளைக்குச் சைக்கிள்தான் கால். சந்தைக்கு, ஆஸ்பத்திரிக்கு, கோயிலுக்கு எல்லாம் அதில்தான். தங்கச்சிக்கு அதைவிடப் பெரிதாக என்ன கொடுப்பது. மலை என்றால் என்னவென்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியாது. நாங்கள் கண்ட உயரம் கட்டுக்கரைக் குளத்துக் கட்டுத்தான். பிரேக்கைப் பற்றி ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை.

விடிய முதல் பஸ்ஸில் வெளிக்கிட்டோம். நானும் அம்மாவும். சைக்கிளைக் கூரையில் கயிறு போட்டுக் கட்டினார்கள். பையில் புது அரிசியும் பேசாலைக் கருவாடும். கருவாட்டு மணத்துக்குக் கொண்டக்டர் முகத்தைச் சுளித்தார். அம்மா ஜன்னலைத் திறந்துவிட்டார். வவுனியாவில் மாறி மாத்தளைக்குப் போனோம். தோட்டத்துக்குப் போகிற பஸ் சின்னது. அதன் கூரையில் சைக்கிள் ஏற்ற ஏலாது என்றார்கள். அம்மா தூரத்தைக் கேட்டார். பத்து மைல் இருக்கும் என்றார்கள். அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. அது எங்களுக்குச் சந்தைக்குப் போகிற தூரம்.

என்னைக் கரியரில் ஏற்றிக்கொண்டு ஓடத் தொடங்கினார்.

முதல் ஒரு மைல் சரி. பிறகு ரோடு எழும்பியது. வளைந்தது. திரும்ப எழும்பியது. நான் இறங்கி நடந்தேன். அம்மா மிதித்தார். வாகனம் ஒன்றும் இல்லை. மரங்களிலிருந்து தண்ணீர் சொட்டுகிற சத்தமும் சங்கிலிச் சத்தமும்தான். ரோட்டோரக் கல்லில் தண்ணீர் தானாக வழிந்து ஓடியது. யார் திறந்துவிட்டார்கள் என்று தேடினேன். வாய்க்கால் இல்லை, மதகு இல்லை. அம்மாவிடம் கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை.

ஒரு வளைவில் அம்மா நின்று மூச்சு எடுத்தார். மேலே பார்த்தார். ரோடு எங்கள் தலைக்கு மேலே இன்னொரு தரம் போனது.

"இதுவும் சோழகம் மாதிரித்தான் பிள்ளை. இது கண்ணுக்குத் தெரியுது. அவ்வளவுதான்."

திரும்ப ஏறினார். ஏலாத இடத்தில் உருட்டினோம். எனக்குக் காது அடைத்தது. பின்னேரம் ஆகிவிட்டது.

ஏற்றம் முடிந்த இடத்தில் தோட்டத்துக் கேற். கம்பு ஒன்று ரோட்டுக்குக் குறுக்கே கிடந்தது. பக்கத்தில் காக்கிச் சட்டை போட்ட காவல்காரர் ஒருவர் நின்றார். அதைக் கண்டதும் அம்மா தானாகவே இறங்கினார். என்னைப் பின்னுக்கு இழுத்தார். அடையாள அட்டையை எடுத்து நீட்டினார். எங்கள் பக்கத்தில் குறுக்குக் கம்பு என்றால் இராணுவம்; கண்டால் அப்படித்தான். காவல்காரர் பயந்துபோனார். அவரிடம் ஒருவரும் அட்டை காட்டியதில்லை போல. வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அம்மா யாரைப் பார்க்க வந்தோம் என்று சொன்னார். அவர் அட்டையைப் பார்த்தார். சைக்கிளைப் பார்த்தார். சேறு பிடித்த எங்கள் கால்களைப் பார்த்தார்.

"மன்னாருங்களா? இதுலயேவா வந்தீங்க?"

"ஓம்," என்றார் அம்மா.

கம்புக்குப் பக்கத்தில் நிற்கிறவர்களுக்கு ஒரு சொல்லுக்கு மேல் பதில் சொல்லக்கூடாது. அது எனக்கும் தெரியும். அதனால்தான் அப்படிச் சொன்னார் என்று நினைத்தேன்.

காவல்காரர் கம்பைத் தூக்கினார். பிறகு மலைச் சரிவைப் பார்த்துக் கையை வாயில் குவித்துக் கூவினார். லொறிக்காரர் பெண்சாதியின் அக்கா வந்திருக்கிறார், மன்னாரிலிருந்து, சைக்கிளிலேயே, என்று. தேயிலைக்குள் கொழுந்து பறித்துக்கொண்டு நின்ற பெண்கள் நிமிர்ந்தார்கள். அங்கிருந்து ஒரு குரல் கீழே போனது. அதற்கும் கீழே இன்னொரு குரல்.

ரோடு இப்போது இறங்கியது. அம்மா என்னைக் கரியரில் ஏற்றினார். நாங்கள் வாழ்க்கையில் முதல் தடவை மிதிக்காமல் போனோம். நான் சிரித்தேன். பிறகு காற்று காதுக்குள் இரைந்தது. அம்மா காலை ஊன்றப் பார்த்தார். செருப்பு பறந்தது. அப்போதுதான் இரண்டு பேருக்கும் ஆட்டுக் கொட்டில் படலை ஞாபகம் வந்தது. அம்மா சைக்கிளை மண் திட்டியில் சாய்த்து ஏற்றினார். விழுந்தோம். கூடைக்குள் இருந்த அரிசிப் பை என் மடியில் கிடந்தது. முழங்கை உரசிப்போனது. வேறு ஒன்றும் இல்லை.

உருட்டிக்கொண்டு போவோம் என்றேன். அம்மா எதிர்ச் சரிவைப் பார்த்தார். பெண்கள் கூடையோடு வரிசையாக நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"சனம் பாக்குது. உருட்டிக்கொண்டு போகேலாது."

ரோட்டோரத்தில் மரக்கிளைகளை வெட்டிப் போட்டிருந்தார்கள். அம்மா ஒரு பெரிய கிளையை இழுத்து வந்தார். பஸ் கூரையில் சைக்கிளைக் கட்டிய கயிற்றால் அதைக் கரியருக்குப் பின்னால் கட்டினார். இழுத்துப் பார்த்தார். ஏறச் சொன்னார். ஏறினேன். கிளை ரோட்டில் உராய்ந்துகொண்டு வந்தது. சைக்கிள் ஒரு நல்ல மாட்டு வண்டி மாதிரிப் போனது. வளைவுக்கு வளைவு கிளை பெரிய சத்தம் போட்டது. அம்மா நிமிர்ந்து இருந்து ஓடினார். நான் அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, பார்க்கிற சனத்தை எல்லாம் திரும்பிப் பார்த்தேன். எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது.

லயத்து வாசலில் சனம் கூடி நின்றது. சின்னப் பிள்ளைகள், கிழவர்கள், வேலை விட்டு வந்த பெண்கள். கிளையைக் கண்டு ஒருவர் இன்னொருவருக்கு விளக்கம் சொன்னார். வழியில் யானைக் காடாம். யானையை மிரட்டத்தான் கிளையைக் கட்டிக்கொண்டு வந்திருக்கிறார்களாம். அதுவும் லயத்தின் அந்த அந்தம்வரை போய்ச் சேர்ந்தது.

சின்னம்மா ஓடி வந்தார். மெலிந்திருந்தார். அம்மாவைக் கட்டிப் பிடித்தார். அம்மா அவருடைய உள்ளங்கையை விரித்துப் பார்த்தார். விரலைத் தடவிவிட்டு மூடினார்.

பிறகு மாமியார் வந்தார். உயரமான மனிசி. சைக்கிளை ஒரு தரம் சுற்றி வந்தார். சனம் கதையை நிறுத்திவிட்டுப் பார்த்தது.

"நெசமாவா சம்பந்தி? அம்புட்டுத் தூரமா சைக்கிள்ல வந்தீங்க?"

மாத்தளைவரை பஸ் என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். சின்னம்மா ஒரு துண்டு ரொட்டியை என் வாய்க்குள் வைத்தார்.

அம்மா சேலையை உதறிச் சரிசெய்தார். மாமியாரை நேரே பார்த்தார்.

"என்ர தங்கச்சியைப் பாக்க வாறதுக்கு எனக்கென்ன தூரம்."

 மாமியார் அம்மாவுக்கு இருக்கக் கதிரை கொண்டுவரச் சொன்னார்.

அடுத்த நாள் காலை, மலைத் தண்ணீர் கொட்டுகிற பீலியடியில் முகம் கழுவும்போது நான் அம்மாவைப் பிடித்தேன்.

"அம்மா, நாங்கள் பஸ்ஸிலதானே வந்தனாங்கள்."

"உன்னைக் கேட்டவையோ?"

"இல்லை."

"பிறகென்ன. முகத்தைக் கழுவு."

பொய் சொன்னால் வாயில் சூடு வைப்பேன் என்கிற அம்மா அவர். எனக்குக் கோபம் வந்தது. அம்மா மலையில் ஏறியதும் உண்மை, கிளை கட்டி இறங்கியதும் உண்மை. அதைச் சொன்னாலே போதும். அதற்கு மேல் ஏன் என்று விளங்கவில்லை.

இரண்டு நாள் நின்றோம். சனம் வந்து வந்து சைக்கிளைத் தொட்டுப் பார்த்தது. அங்கே சைக்கிள் ஓட ஒரு இடமும் இல்லை. ஒன்றில் ஏற்றம், இல்லாவிட்டால் இறக்கம். கோயிலுக்கு முன்னால் மட்டும் கொஞ்சம் சமதரை. சின்னம்மா பாவாடையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு அதில் ஒரு சுற்று ஓடிக் காட்டினார். பெண்கள் கை தட்டினார்கள். இந்தச் சைக்கிளை வைத்துக்கொண்டு சின்னம்மா என்ன செய்வார் என்று எனக்கே யோசனை வந்தது. அம்மாவுக்கு வராமலா இருக்கும். இருந்தும் அதை அங்கேயே விட்டுவிட்டார். மழைக்கு நனையும் என்று மாமியார் தன் கட்டிலை நகர்த்தி, சைக்கிளை உள்ளே வைக்க இடம் விட்டார்.

அதன் பிறகு ஒரு வருடத்துக்குமேல் அம்மா சந்தைக்குப் போக ரோட்டில் நின்று பஸ்ஸுக்குக் கை காட்டினார். பஸ் நில்லாத நாளில் கீரைக் கட்டைத் தலையில் வைத்து நடந்தார். பாலத்திலும் நடந்தார். 

தோட்டத்திலிருந்து நாங்கள் வெளிக்கிட்ட காலை பஸ் வருகிற இடம்வரை எல்லாரும் கூட வந்தார்கள். நல்ல ஏற்றம். சின்னம்மா எங்களுக்கென்று தேயிலைத் தூளும் மிளகும் கட்டி, ஒரு பாரமான பையைத் தூக்கிக்கொண்டு நடந்தார். முன்னால் போன மாமியார் நின்றார். திரும்பி வந்தார். சின்னம்மாவின் கையிலிருந்த பையை வாங்கித் தன் தோளில் போட்டார்.

"நீ அக்காவோட பேசிக்கிட்டு வா."

சின்னம்மா அப்படியே ரோட்டில் நின்றுவிட்டார். அம்மா அவருடைய கையைப் பிடித்தார்.  இரண்டு பேரும் வேகத்தைக் குறைத்து, பின்தங்கி வந்தார்கள்.

நான் அவர்களோடு நிற்கவில்லை. அது எங்கள் பை. மாமியார் அதைப் பறித்துக்கொண்டு போகிறார் என்று நினைத்து, பஸ் வரும்வரைக்கும் அவருக்குப் பின்னாலேயே ஓடினேன்.