கிணற்றடியில் அப்பா பாடிய முதல் வரி

நனைந்த தோலின் வாடை... கிணறு என்றதும் அதுதான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறது.

கம்பைநல்லூருக்குப் பக்கத்தில் எங்கள் காடு; விளைநிலத்தை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். இரண்டு மாடுகள் சரிவில் இறங்கினால், வடத்தின் மறுமுனையில் கட்டிய தோல் சால் தண்ணீரோடு மேலே வரும். வாய்க்காலில் கொட்டியதும் மாடுகள் பின்னாலேயே நடந்து மேடேற வேண்டும். இதைத்தான் கவலை ஓட்டுவது என்போம். அப்பா வடத்தின் மேல் உட்கார்ந்து ஓட்டுவார். சிறுமியான நான் ராகிப் பாத்திகளுக்கு மடை திருப்புவேன்.

தோழிகளே, விடுதியில் நாம் ஒரே அறையில் இருந்தபோது, "உங்க வீட்டுல எப்படி வேதத்துக்கு வந்தீங்க?" என்று கேட்டீர்கள். அன்று வெட்கத்தில் சிரித்து மழுப்பிவிட்டேன். பேசுவதைவிட எழுதுவது எனக்குச் சுலபம்...

அப்பாவுக்குக் காலில் ஆறாத புண். மொரப்பூரில் ரயில் ஏறி, மிஷன் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பல வாரம் படுத்துக் கிடந்தார். புண் ஆறி நடந்து திரும்பி வந்தவர் ஒரு வருஷம் யோசித்தார். பிறகு எங்கள் எல்லோருக்கும் ஞானஸ்நானம் ஆயிற்று.

அன்றிலிருந்து ஊரில் எங்களுக்கு 'வேதக்காரன் வூடு' என்று பெயர். சொந்தக்காரர் கல்யாணத்தில் எங்களுக்கு மட்டும் பந்தலுக்கு வெளியே இலை போட்டார்கள். அப்பா அங்கேயே உட்கார்ந்து, மறுசோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்!

ஆனால் கிணற்றை அப்படிப் பிரிக்க முடியவில்லை. கிணறு அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் பொது. மாட்டில் ஒன்று எங்களுடையது, ஒன்று அவருடையது. ஒருநாள் எங்கள் முறை, மறுநாள் அவர் முறை.

எங்கள் பக்கம் கவலைப் பாட்டு பிள்ளையாரை அழைத்துத்தான் தொடங்கும். பிறகு மழை, மாடு, மாமியார் கொடுமை என்று எங்கெங்கோ போகும். அப்பா முதல் வரியை மட்டும் மாற்றிக்கொண்டார்.

"ஏசுசாமி தொணையிருங்க... எறங்குற மாட்டக் காத்திருங்க..."

மற்றதெல்லாம் பழைய பாட்டுதான். மாமியார்கூட அப்படியே இருந்தாள்.

ஒருநாள் பெரியப்பா வடத்தைப் பிடித்து நிறுத்திவிட்டார்.

"ஏண்டா, எங்கப்பன் தோண்டுன கெணத்துல எந்தச் சாமிய கூப்புடற?"

"எனக்கும் அவருதானுங்கண்ணா அப்பன்."

"மொத வரிய பழையபடி பாடு. அதுக்கப்புறம் நீ எவன வேணா பாடிக்க. இல்லைன்னா கெணத்துப் பக்கமே வராத!"

அப்பா கொஞ்சநேரம் மாட்டின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார். "அப்ப பாட்டே வேண்டாமுங்கண்ணா. வாய மூடிக்கிட்டே ஓட்டறேன்."

அது அத்தனை எளிதல்ல என்று மறுமுறையில் தெரிந்தது. எங்கள் மாடுகள் பாட்டில் பழகியவை. வரி ஓடும்போது இறங்கும். கடைசிச் சொல்லை இழுத்தால் நின்று பின்வாங்கும். பாட்டு இல்லாமல் இறங்கிய மாடு பாதிச் சரிவில் நின்று திரும்பிப் பார்த்தது. சால் கிணற்றுச் சுவரில் மோதிப் பாதித் தண்ணீர் உள்ளேயே போயிற்று. பக்கத்துக் காட்டில் களை எடுத்தவர்கள், "ஊமக் கவல ஓடுது பாருங்கடி" என்று சிரித்தார்கள்.

அந்த வருஷம் மழையும் ஏமாற்றியது. கடைசிப் பாத்திகளுக்குத் தண்ணீர் எட்டவில்லை. ராகிப் பயிர் நுனி சுருண்டது. அந்த ராகிதான் எங்களுக்கு வருஷம் முழுக்கச் சாப்பாடு.

அம்மா ஒருநாள் கேட்டேவிட்டாள். "ஒத்த வரிதானுங்களே... வாயில சொல்லிட்டு மனசுல கர்த்தர நெனச்சுக்கக் கூடாதா? மாட்டுக்குத் தெரியவா போவுது?"

"மாட்டுக்குத் தெரியாது புள்ள. எனக்குத் தெரியுமே."

அதன்பிறகு அம்மா அந்தப் பேச்சை எடுக்கவில்லை. குடத்தைத் தூக்கிக்கொண்டு கடைசிப் பாத்திக்குத் தண்ணீர் சுமக்கத் தொடங்கினாள். நானும் சொம்போடு பின்னால் ஓடினேன்.

எங்கள் முறையில் தடுமாறிய மாடுகள் பெரியப்பாவின் முறையிலும் தடுமாறத் தொடங்கின. இது யாருமே எதிர்பாராதது. அவர் தொண்டை கிழியப் பிள்ளையாரைக் கூப்பிட்டாலும் பாதிச் சரிவில் நின்றன. நிற்க வேண்டிய இடத்தில் இழுத்தன. அவருடைய ராகியும் வாடியது.

ஒரு காலை, எங்கள் முறையின்போது, பெரியப்பா வேகமாக வந்தார். அடிக்கப் போகிறாரோ என்று நான் மண்வெட்டியை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

"மாட்டக் கெடுத்துப்புட்டியேடா பாவி! ஏதோ ஒண்ணப் பாடித் தொல!"

அப்பா எழுந்து நின்றார். "மொத வரியுமாங்கண்ணா?"

பெரியப்பா சிவன் கோயில் உள்ள தீர்த்தமலை இருக்கும் திசையைப் பார்த்துக்கொண்டு நின்றார். "அதையுந்தான்" என்று சொல்லிவிட்டு, தலைத்துண்டைக் காதோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு போய்விட்டார்.

அப்பா பாடினார். முதல் சால் நிரம்பித் தளும்பி வந்தது. தண்ணீர் என் காலை நனைத்துக்கொண்டு கடைசிப் பாத்தி வரை ஓடியது. அந்த வருஷம் பாதி ராகிதான் தேறியது. கூழை நீர்க்கக் கரைத்துக் குடித்தோம். அப்பா முகத்தில் ஒரு குறையும் தெரியவில்லை.

பெரியப்பா கடைசிவரை மனம் மாறவில்லை. எங்கள் வீட்டில் தண்ணீர்கூடக் குடித்ததில்லை. ஆனால் அந்த வரியை மறுபடி தடுக்கவும் இல்லை.

இப்போது அந்தக் கிணற்றில் ஆயில் இன்ஜின் ஓடுகிறது. நான் பி.ஏ. முடித்துச் சேலத்தில் ஆசிரியை. இங்கே எங்கள் சபைக் கோவிலில் ஆர்மோனியம் உண்டு. பாடாதே என்று வழிமறிக்க ஆளில்லை. இருந்தும் பக்கத்தில் நிற்பவருக்குக்கூடக் கேட்காமல்தான் பாடுவேன்... என் வழக்கம் உங்களுக்குத் தெரியுமே!

போன மாதம் அப்பா வந்திருந்தார். ஆராதனையில் பாட்டு தொடங்கியதும், நாலு காடு தள்ளிக் கேட்கிற அதே குரலில் பிடித்தார். ஆர்மோனியம் ஒரு பக்கம், அப்பா ஒரு பக்கம். முன்வரிசையில் திரும்பிப் பார்த்தார்கள். என் மாணவிகள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள்.

வழக்கமாக நான் தலையைக் குனிந்துகொண்டிருப்பேன். அன்று குனியவில்லை. அப்பாவை இன்னும் கொஞ்சம் ஒட்டி நின்றுகொண்டு, என் குரல் எனக்கே கேட்கும்படி பாடினேன்.